அம்பாசிடர் டேஷ்போர்டில் புதிய மீட்டர்கள் பொருத்துதல்: முழுமையான வழிகாட்டி

பழைய அம்பாசிடரின் டேஷ்போர்டில் நவீன மீட்டர்களைப் பொருத்த விரும்புகிறவர்களில் பெரும்பாலோர், டயலின் நிறத்தையும் குரோம் வளையத்தையும் பார்த்து முதலில் மீட்டர்களை வாங்கிவிடுகிறார்கள். பிறகு டேஷ்போர்டில் ஓட்டை போடுகிறார்கள். எஞ்சினில் சென்சார் எங்கே நுழையும், டாங்கில் இருக்கும் ஃப்ளோட்டுக்கும் (பெட்ரோல் அளவோடு ஏறி இறங்கும் மிதவை) புதிய மீட்டருக்கும் ஒத்துப்போகுமா என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். எஞ்சினிலும் டாங்கிலும் உள்ள சென்சார் அனுப்புவதைத்தான் மீட்டர் காட்டும்; எர்த் (மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) சரியில்லை என்றால் அதையும் ஒழுங்காகக் காட்டாது. எனவே அளப்பது, வாங்குவது, மேசையில் சோதிப்பது, சென்சார்களைப் பொருத்துவது, வயரிங் இழுப்பது, கடைசியாகப் பேனல் என்ற வரிசையில் இந்த வழிகாட்டி செல்கிறது.

இங்கே சொல்பவை 1489 சிசி பி-சீரிஸ் பெட்ரோல் எஞ்சின் உள்ள அம்பாசிடரை மனத்தில் வைத்து எழுதியவை. டீசல் வண்டிக்கு வேறுபடும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறேன். பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் திரெட் அளவுகள், வயர் நிறங்கள் போன்றவற்றைத் தவிர மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

1. பணம் செலவழிக்கும் முன் வண்டியை அளந்துகொள்ளுங்கள்

முதல் வேலை, வண்டி எந்த எர்த் என்று பார்ப்பது. பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் தடித்த கேபிள் எந்த முனையில் இருக்கிறது என்று நேரில் பாருங்கள். ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ உள்ள பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த் ஆக இருக்கும். இன்று கிடைக்கும் மின்னணு மீட்டர்கள் அநேகமாக எல்லாமே நெகட்டிவ் எர்த்துக்காகச் செய்யப்பட்டவை; மாற்றி இணைத்தால் உள்ளிருக்கும் சர்க்யூட் அந்த நொடியிலேயே எரிந்துவிடும். பாசிட்டிவ் எர்த் வண்டியாக இருந்தால், முதலில் அதை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றி, டைனமோவை மறுபடி போலரைஸ் செய்து (அதன் காந்தத் துருவத்தை மாற்றி), இக்னிஷன் காயிலின் இரு வயர்களையும் இடம் மாற்றிய பிறகே மேற்கொண்டு போக வேண்டும். இதை அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது.

அடுத்து, எஞ்சின் எர்த். எஞ்சின் ரப்பர் மவுன்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது; பாடியோடு அதற்குள்ள முறையான மின் தொடர்பு, பின்னிய செம்புப் பட்டை ஒன்று மட்டுமே. அது துருப்பிடித்தோ அறுந்தோ போனால், ஸ்டார்ட்டர் சுற்றும்போது மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாகத் திரும்பும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையை மாற்றுங்கள், அது உட்காரும் இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்குங்கள். ஒற்றை வயர் சென்சார்கள் எல்லாம் எஞ்சின் பிளாக்கையே எர்த்தாகப் பயன்படுத்துவதால், இந்த ஒரு பழுது எல்லா மீட்டர்களையும் ஒரே நேரத்தில் தவறாகக் காட்ட வைக்கும்.

சார்ஜிங்கையும் பாருங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவிலும், ஆல்டர்னேட்டர் உள்ள வண்டி சற்று வேகமாக ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரையிலும் இருக்க வேண்டும். டைனமோ வண்டியில் ஐடிலில் சார்ஜ் மிகக் குறைவாகவே இருக்கும், அது பழுதல்ல.

கடைசியாக, பெட்ரோல் ஃப்ளோட். டாங்கின் மேல் உள்ள ஃப்ளோட் யூனிட்டின் வயரைக் கழற்றி, அந்த முனைக்கும் யூனிட்டின் விளிம்புக்கும் இடையே எத்தனை ஓம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டாங்க் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும்போது ஒரு முறை, முழுதாக நிரப்பிய பின் ஒரு முறை. இந்த இரண்டு எண்களும் இல்லாமல் பெட்ரோல் மீட்டர் வாங்கக் கூடாது.

2. மீட்டரையும் சென்சாரையும் ஒரே ஜோடியாக வாங்குங்கள்

பெட்ரோல் மீட்டர்களில் பரவலாகக் கிடைப்பவை சில வகைகள்தாம். விடிஓ போன்ற ஐரோப்பிய மீட்டர்கள் காலியில் 10 ஓம், நிரம்பினால் 180 ஓம் எதிர்பார்க்கும். அமெரிக்க வகை காலியில் 240 ஓம், நிரம்பினால் 33 ஓம். பழைய வகை ஒன்று 0 முதல் 90 ஓம் வரை செல்லும். முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஓடுவதைக் கவனியுங்கள். 10–180 ஃப்ளோட்டோடு 240–33 மீட்டரை இணைத்தால், டாங்க் வற்றிய நேரத்தில் முள் நிரம்பிய குறியையும் தாண்டி நிற்கும். பெட்ரோல் ஊற்ற ஊற்ற முள் இறங்கும். மீட்டரைக் கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தாலும் அதே கதைதான், ஏனென்றால் பழுது மீட்டரில் இல்லை. நீங்கள் அளந்த எண்கள் எந்த வகைக்கும் நெருங்கவில்லை என்றால், காலி, நிரம்பிய அளவுகளை நாமே பதிவுசெய்யக்கூடிய மீட்டரை வாங்குவதே சிறந்த வழி. சற்று விலை கூடும். ஆனால் டாங்கைத் தொட வேண்டியதில்லை.

ஆயில் பிரஷர், டெம்பரேச்சர் இரண்டுக்கும் மீட்டர் தயாரித்த நிறுவனத்தின் சென்சாரையே வாங்குங்கள். வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சென்சார்களின் ஓம் அளவுகள் முற்றிலும் வேறாக இருக்கும்.

திரெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரைக்கால் அங்குல என்.பி.டி. (அமெரிக்க முறை) திரெட்டுக்கு ஓர் அங்குலத்தில் 27 புரிகள். அதே அளவு பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் முறை) திரெட்டுக்கு 28 புரிகள். முதல் இரண்டு சுற்று இரண்டும் சுலபமாக ஏறிவிடும், பிறகு இறுகும். 'டைட்டாகத்தானே இருக்கிறது' என்று ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பிளாக்கின் திரெட் கெடும். சென்சாரைக் கையால் நான்கு சுற்றாவது ஏற்ற முடியவில்லை என்றால் அது அந்த ஓட்டைக்குரியதல்ல. பழைய சென்சாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனால், பித்தளையில் அடாப்டர் கடைந்து கொடுப்பார்கள். சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் ஆயத்த அடாப்டர்களும் கிடைக்கக்கூடும். ஆனால் பழைய சென்சார் கையில் இல்லாமல் போகாதீர்கள்.

மீட்டர் அளவில் 52 மி.மீ. வட்டம்தான் பொதுவான அளவு. ஸ்பீடோமீட்டர், டேக்கோமீட்டர் ஆகியவை 80, 85, 100 மி.மீ. அளவுகளில் வரும்.

3. எல்லாவற்றையும் மேசையில் இணைத்துப் பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடும் படி இதுதான். ஒரு 12 வோல்ட் பேட்டரி, 3 ஆம்பியர் ஃப்யூஸ், சில துண்டு வயர் போதும். மீட்டருக்குப் பாசிட்டிவும் நெகட்டிவும் கொடுத்து, சென்சாரின் உலோக உடலைப் பேட்டரி நெகட்டிவோடும் அதன் முனையை மீட்டரோடும் இணையுங்கள்.

டெம்பரேச்சர் சென்சாரின் நுனியை மட்டும் ஒரு பாத்திரத் தண்ணீரில் மூழ்கும்படி தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துச் சூடாக்குங்கள். 60, 80, 90 டிகிரிகளில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கொதிநிலையை மட்டும் நம்ப வேண்டாம். சென்னையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், ஊட்டியில் சுமார் 92–93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

சென்சார் வயரைக் கழற்றினால் முள் எங்கே போகிறது, அதை எர்த்தில் தொட்டால் எங்கே போகிறது என்பதையும் ஒவ்வொரு மீட்டருக்கும் எழுதி வையுங்கள். வயர் அறுந்தால் ஒரு மீட்டர் பூஜ்யத்தில் கிடக்கும், இன்னொரு மீட்டர் உச்சத்துக்குத் தாவும். அது ஜோடியைப் பொறுத்தது. நடுவழியில் முள் திடீரென்று தாவும்போது எஞ்சினில் கோளாறா, வயர் அறுந்ததா என்று இந்தக் குறிப்பு உடனே சொல்லிவிடும்.

4. பழையவற்றை வெளியே எடுத்தல்

பேட்டரியின் எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள். டேஷ்போர்டின் பின்புறத்தைப் பல கோணங்களில் படம் எடுத்து, ஒவ்வொரு வயரிலும் சீட்டு ஒட்டிய பிறகே அவிழ்க்கத் தொடங்குங்கள். லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனத்தின் நிற முறைப்படி கறுப்பு எர்த், வெள்ளை இக்னிஷன், பச்சை ஃப்யூஸ் வழியாக வரும் இக்னிஷன், பழுப்பு பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் இல்லாமல் நேராக வருவது, பச்சை-கறுப்பு பெட்ரோல் ஃப்ளோட், வெள்ளை-பழுப்பு ஆயில் விளக்கு. ஆனால் பல கைகள் மாறிய வண்டியில் இந்த நிறங்களை நம்பி வேலை செய்யக் கூடாது. ஒவ்வொரு வயரையும் மல்டிமீட்டரால் உறுதிசெய்யுங்கள்.

பழைய டெம்பரேச்சர் மீட்டரிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் எஞ்சினுக்குப் போனால், அது வாயு அழுத்தத்தால் இயங்கும் கேப்பிலரி வகை. அந்தக் குழாயை வெட்டினால் மீட்டர் மறுபடி உயிர்பெறாது. ரேடியேட்டரிலிருந்து கொஞ்சம் தண்ணீரை இறக்கிவிட்டு, குமிழை எஞ்சினிலிருந்து கழற்றி, குழாயைச் சுருட்டி முழுதாக வெளியே எடுங்கள்.

ஆம்ப் மீட்டர் இருந்தால் மிகுந்த கவனம் தேவை. ஸ்டார்ட்டரைத் தவிர வண்டியின் ஏறக்குறைய முழு மின்சாரமும் அதன் வழியாகத்தான் ஓடுகிறது. 30 ஆம்பியருக்கான பழைய மீட்டரோடு பெரிய ஆல்டர்னேட்டரை மாட்டிய வண்டிகளில் அதன் பின்புற நட்டுகள் கருகியிருப்பதைப் பார்க்கலாம். அதை எடுத்துவிட்டு வோல்ட் மீட்டர் வைப்பது நல்ல முடிவு. ஆனால் எடுத்த பின் அந்த இரண்டு தடித்த வயர்களையும் ஒன்றாக இணைத்தாக வேண்டும். இரண்டிலும் வளைய லக் அழுத்தி, போல்ட், ஸ்பிரிங் வாஷர், நட் போட்டு இறுக்கி, தடித்த ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவால் முழுவதும் மூடுங்கள். முறுக்கி டேப் சுற்றினால் அந்த இடம் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். ஆம்ப் மீட்டருக்குப் போன இந்த வயர்களை வோல்ட் மீட்டரின் இரு முனைகளில் மாட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. அப்படிச் செய்தால் வண்டிக்கு மின்சாரமே வராது.

கழற்றிய மீட்டர்களைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரைப் படம் எடுத்து வைத்தால், பின்னர் வண்டியை விற்கும்போது வாங்குகிறவருக்குக் காட்ட முடியும்.

5. எஞ்சினில் சென்சார்கள்

ஆயில் பிரஷர் சென்சார் டப்பா வடிவில் கனமாக இருக்கும். அதைப் பித்தளை டீ-பீஸில் திருகி நேராகப் பிளாக்கில் தொங்கவிடுவதைப் பல வண்டிகளில் காண்கிறேன். எஞ்சின் அதிர்வில் அந்தப் பித்தளைக் கழுத்து நாளடைவில் விரிசல் விடும். விட்டால், ஓடும் எஞ்சின் சில நிமிடங்களில் ஆயிலை முழுவதும் வெளியே தள்ளிவிடும். எனவே ஆயில் கேலரியிலிருந்து (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் வழி) நல்ல தரமான பின்னல் ஹோஸ் ஒன்றை எடுத்து, சென்சாரையும் விளக்குக்குரிய சுவிட்சையும் ஃபயர்வாலில் (எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் இடையிலான தகரச் சுவர்) ஒரு பிராக்கெட்டில் பொருத்துங்கள். பிராக்கெட்டுக்குத் தனி எர்த் வயர் கொடுங்கள், ஏனெனில் இப்போது சென்சார் பிளாக்கைத் தொடவில்லை.

சிவப்பு ஆயில் விளக்கை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். போக்குவரத்தில் ஓட்டும்போது முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. விளக்கு எரிந்தால் கண்ணில் படும்.

டெம்பரேச்சர் சென்சார், தெர்மோஸ்டாட் உறைக்கு அருகில் சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் அதே ஓட்டையில் அமரட்டும். அடாப்டர் நீளமாக இருந்தால் சென்சாரின் நுனி தண்ணீரைத் தொடாமல் அடாப்டருக்குள்ளேயே நின்றுவிடும். அப்போது மீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், எஞ்சின் கொதித்த பின்தான் தெரியவரும். நுனி தண்ணீர் ஓட்டத்துக்குள் நீட்டியிருக்கிறதா என்று பொருத்துவதற்கு முன்பே அளந்து பாருங்கள்.

ஒற்றை வயர் சென்சார்களின் திரெட்டில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றக் கூடாது. திரெட்தான் எர்த், டேப் அதைத் தடுத்துவிட்டால் முள் அசையாமல் கிடக்கும் அல்லது தடுமாறும். கூம்பு வடிவத் திரெட்டுக்குத் துளி சீலன்ட் போதும். நேர்த் திரெட்டுக்குச் செம்பு வாஷர் போதும்.

6. பெட்ரோல் ஃப்ளோட்

பழைய ஃப்ளோட்டே ஒத்துப்போனால் அதைத் தொடாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், டாங்கைக் கிட்டத்தட்டக் காலிசெய்து, பேட்டரி கழற்றிய நிலையில், திறந்த வெளியில் செய்யுங்கள். பக்கத்தில் விளக்கு, வெல்டிங், சிகரெட் எதுவும் கூடாது. புதிய ஃப்ளோட்டின் விளிம்புத் துளைகள் பழையதோடு பொருந்துகின்றனவா, கம்பியின் நீளம் டாங்கின் ஆழத்துக்குச் சரியா, கை மேலும் கீழும் எங்கும் இடிக்காமல் ஆடுகிறதா என்று பார்த்துப் புதிய கேஸ்கெட்டோடு மூடுங்கள். டாங்கிலிருந்து பாடிக்கு ஒரு தனி எர்த் வயரும் போட்டுவிடுங்கள்.

7. வயரிங்

புதிய மீட்டர்கள் எல்லாவற்றுக்கும் இக்னிஷன் சுவிட்சுக்குப் பின் ஒரு தனி ஃப்யூஸ் வையுங்கள். 5 ஆம்பியர் தாராளம். 1 சதுர மி.மீ. வயர் மின்சாரத்துக்கும் எர்த்துக்கும், 0.5 முதல் 0.75 வரை சென்சார்களுக்கும் போதும். ஏற்கெனவே பல கிளைகள் பிரிந்த பழைய பச்சை வயரிலிருந்து மின்சாரம் எடுத்தால், வைப்பர் போடும்போது முள்கள் ஆடும்.

எர்த்துக்கு டேஷ்போர்டின் தகரத்தை நம்பாதீர்கள். பெயின்ட்டும் துருவும் நடுவில் இருக்கின்றன. மரப் பேனல் என்றால் எர்த்தே இல்லை. எல்லா மீட்டர்களின் எர்த்தையும் ஒரே இடத்தில் சேர்த்து, அங்கிருந்து ஒரு வயரைப் பாடியில் சுத்தம் செய்த போல்ட்டுக்குக் கொண்டுபோங்கள்.

ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவன வகைப் பழைய மீட்டர்கள் சிலவற்றுக்கு 10 வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று டேஷ்போர்டின் பின்னால் இருக்கும். அது நிலையான 10 வோல்ட் கொடுப்பதில்லை. 12 வோல்ட்டை மாறி மாறி இணைத்துத் துண்டித்து, சராசரியாக 10 வோல்ட்டுக்குச் சமமாக்குகிறது. சூடேறி மெதுவாக அசையும் பழைய முள்ளுக்கு அது போதும். புதிய மீட்டரை அதே வயரில் மாட்டினால், முள் எழுவதும் விழுவதுமாக விடாமல் துடிக்கும். புதியவற்றுக்கு நேரடி 12 வோல்ட் கொடுங்கள். பழைய மீட்டர் எதையாவது வைத்துக்கொண்டால் அதற்கு மட்டும் ஸ்டெபிலைசரை விட்டுவையுங்கள்.

சார்ஜிங் எச்சரிக்கை விளக்கை எல்.இ.டி.யாக மாற்றுவது இன்னொரு தொல்லை. பல ஆல்டர்னேட்டர்களுக்கு அந்த பல்ப் வழியாக வரும் சிறு மின்சாரம்தான் ஆரம்ப உந்துதல். எல்.இ.டி. அந்த அளவு மின்சாரத்தை விடாததால், ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்காமலே இருக்கலாம். அங்கே 2.2 வாட் பல்பையே வைத்திருங்கள். பேனல் விளக்குகளை எல்.இ.டி. ஆக்குவதில் தடையில்லை, ஆனால் பழைய டிம்மர் குமிழ் அவற்றை ஒழுங்காக மங்கவைக்காது.

இணைப்புகளை லக் அழுத்தியோ ஈயம் பற்றவைத்தோ ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப்பின் பசை, வெயிலில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு சூட்டில் இளகி வழுக்கி, ஒரே கோடையில் இணைப்பை வெறுமையாக்கிவிடும். ஃபயர்வாலைக் கடக்கும் ஓட்டையில் வயர் உரசாமல் காக்கும் ரப்பர் குரோமெட் (வளையம்) கட்டாயம்.

8. ஸ்பீடோமீட்டரும் டேக்கோமீட்டரும்

மின்னணு ஸ்பீடோமீட்டருக்கு இரண்டு வழிகள் உள்ளன. கியர்பாக்ஸில் கேபிள் நுழையும் இடத்தில் துடிப்பு எண்ணும் சென்சார் வைப்பது ஒன்று, ஜி.பி.எஸ். மற்றொன்று. ஜி.பி.எஸ். பொருத்துவது எளிது, டயர் அளவு மாறினாலும் கவலையில்லை. ஆனால் வேகம் மாறும்போது முள் சற்றுத் தாமதமாகப் பின்தொடரும். சுரங்கப் பாதையில் சிக்னல் போய்விடும். ஆன்டெனாவைத் தகர டேஷ்போர்டின் அடியில் ஒளிக்காமல் கண்ணாடியின் ஓரத்தில் வையுங்கள். நான் பரிந்துரைப்பது கியர்பாக்ஸ் சென்சாரைத்தான். கேபிளும் தொடர்ந்து ஓடும்படி நடுவில் அமரும் வகையும் உண்டு. அதைப் போட்டால் பழைய ஸ்பீடோமீட்டருக்கு எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். எந்த வழியானாலும், வேலை செய்யும் ஸ்பீடோமீட்டர் சட்டப்படி தேவை, எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்றிதழ்) பரிசோதனையிலும் பார்ப்பார்கள்.

டேக்கோமீட்டரின் (எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் மீட்டர்) வயரை இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் முனையில், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் பக்கத்தில் இணையுங்கள். மீட்டரின் பின்புறத் தேர்வை 4 சிலிண்டரில் வையுங்கள். 8-இல் இருந்தால் பாதி வேகமே காட்டும். இந்த வயரை மற்ற சென்சார் வயர்களோடு ஒரே கட்டாகக் கட்டாதீர்கள், காயிலின் துடிப்பு அவற்றிலும் ஏறும். டீசல் வண்டியில் காயில் கிடையாது என்பதால், ஆல்டர்னேட்டர் சுழலும் வேகத்துக்கேற்பத் துடிப்பு தரும் அதன் டபிள்யூ முனையிலிருந்து எடுத்து, புல்லி விகிதத்துக்கேற்பச் சரிசெய்யும் வசதியுள்ள மீட்டர் வேண்டும்.

9. பேனல்

அசல் டேஷ்போர்டை வெட்டாதீர்கள். 2 மி.மீ. அலுமினியத் தகட்டிலோ நல்ல பிளைவுட்டிலோ தனிப் பேனல் செய்து, ஏற்கெனவே உள்ள திருகு ஓட்டைகளிலேயே மாட்டுங்கள். முதலில் அட்டையில் வெட்டி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டியரிங் வளையத்தின் ஊடாக ஒவ்வொரு டயலும் தெரிகிறதா என்று பாருங்கள். ஆயில் பிரஷரும் டெம்பரேச்சரும் கண்ணுக்கு மிக அருகிலும், வோல்ட் மீட்டர் தள்ளியும் இருக்கலாம். பின்புறம் மீட்டரின் ஆழத்தோடு கனெக்டரும் வயரும் வளைவதற்கு இன்னும் 30 மி.மீ. இடம் தேவை, வைப்பர் இணைப்புக் கம்பிகள் எங்கே ஆடுகின்றன என்று வைப்பரை ஓட விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. முதல் ஸ்டார்ட்டும் அளவு சரிபார்ப்பும்

பேட்டரியை இணைத்து, இக்னிஷனை மட்டும் போட்டு, முள்கள் மேசையில் பார்த்த அதே இடங்களில் நிற்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். சில நொடிகளுக்குள் ஆயில் பிரஷர் எழ வேண்டும். எழவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். ஹோஸில் காற்றிருக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். எஞ்சின் ஓடும்போதே டார்ச் அடித்து ஹோஸின் இரு முனைகளிலும் கசிவைத் தேடுங்கள்.

எஞ்சின் சூடான பின் டெம்பரேச்சர் முள், தெர்மோஸ்டாட்டின் மேல் பொறித்திருக்கும் டிகிரிக்கு அருகில் நிலைகொள்ள வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள்; அந்த நேரத்தில் டெம்பரேச்சரோ பெட்ரோலோ ஏறினால் எர்த்தில் இன்னும் தடை இருக்கிறது என்று பொருள், 7-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

ஸ்பீடோமீட்டரைச் சரிபார்க்க நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களைப் பயன்படுத்தலாம். ஒரே ஒரு கிலோமீட்டரை வைத்து அளவு பதியாமல், ஐந்து கிலோமீட்டராவது ஓட்டிக் கணக்கிட்டால் பிழை குறையும். டயர்களில் சரியான காற்று இருக்கட்டும்.

பெட்ரோல் மீட்டருக்குப் பொறுமை வேண்டும். காலி டாங்கில் தொடங்கி ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முள் நிற்கும் இடத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். டாங்கின் வடிவம் சீராக இல்லாததால், பாதிக் குறியில் பாதி டாங்க் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு வாரம் ஓட்டிய பின் ஆயில் ஹோஸின் முனைகளையும் ஆம்ப் மீட்டர் வயர்களை இணைத்த போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். வயரிங் வரைபடத்தையும் மேசைச் சோதனைக் குறிப்புகளையும் அந்தப் பெட்ரோல் தாளோடு சேர்த்து வண்டியிலேயே வைத்துவிட்டால், அடுத்து அந்த டேஷ்போர்டைத் திறக்கும் எலக்ட்ரீஷியன் ஊகத்தில் வயரை வெட்ட வேண்டியிருக்காது.